எக்ஸ்பி ஓடட்டும், இணைய வயரை மட்டும் பிடுங்கிவிடுங்கள்

கேட்டிருந்தது இது: "மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். 2008-ல் வாங்கிய கோர் 2 டியோ கம்ப்யூட்டர், விண்டோஸ் எக்ஸ்பி, பக்கம் அமைக்கப் பேஜ்மேக்கர் 7, லாக் (மெஷினில் செருகினால்தான் மென்பொருள் ஓடும் சின்னச் சாவி) போட்ட தமிழ் எழுத்துரு மென்பொருள். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா நோட்டீஸ், பில் புக் எல்லாம் இதில்தான். இன்றுவரை ஒரு குறை சொல்ல முடியாது. மகன், 'இதைத் தூக்கிப் போட்டுட்டு விண்டோஸ் 11 வாங்குங்கப்பா, இல்லைன்னா ஒருநாள் மொத்தமும் போயிரும்' என்கிறான். சர்வீஸ்காரரும் மாற்றச் சொல்கிறார். மாற்றினால் பழைய வேலை எதுவும் திறக்காது என்று ஆபரேட்டர் அக்கா பயமுறுத்துகிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

அண்ணே, மூன்று பேர் சொல்வதும் சரிதான். ஆளுக்கொரு பயத்தைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். மகனுக்கு வைரஸ் பயம். சர்வீஸ்காரருக்கு, போர்டு போனால் மாற்றுப் போர்டுக்கு எங்கே அலைவது என்ற பயம். அக்காவுக்குப் பழைய ஃபைல்களை நினைத்துப் பயம். முதல் பயம் ஒரு வயரைப் பிடுங்கினால் முக்கால்வாசி தீர்ந்துவிடும். இரண்டாவதற்குக் கொஞ்சம் காசும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். அக்கா சொல்வதுதான் பெரிய வேலை, அதனால் இந்தப் பதிலில் அதற்குத்தான் அதிக இடம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எக்ஸ்பியை இப்போதைக்கு நிறுத்தவேண்டாம். இணையத்திலிருந்து இன்றைக்கே பிரித்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு புது கம்ப்யூட்டர் போடுங்கள். பழையதற்குள் இருக்கும் தமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுங்கள். எடுத்து முடித்துவிட்டால் எக்ஸ்பி ஓடினாலும் சரி, நின்றாலும் சரி, உங்கள் தொழில் நிற்காது.

எக்ஸ்பி 2001 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்குத் திருத்தம் தருவதை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7-க்கு அந்தத் தேதி 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. ஆக, பக்கத்துக் கடைக்காரர் விண்டோஸ் 10 வைத்துக்கொண்டு உங்களைப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும், அவரும் இப்போது அதே வரிசையில்தான் நிற்கிறார்.

சப்போர்ட் முடிந்தது என்றால் அன்றைக்கே மெஷின் படுத்துவிடும் என்று அர்த்தமில்லை. புதிதாக ஓர் ஓட்டை தெரியவந்தால் அடைக்க யாரும் வரமாட்டார்கள் என்பதுதான் அர்த்தம். 2017 மே மாதம் வானாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பிணைப்பணப் புழு உலகம் பூராவும் பரவியபோது இதைப் பார்த்தோம். யாரும் எதையும் கிளிக் பண்ண வேண்டியதில்லை. விண்டோஸில் ஃபைல்களைப் பகிர்வதற்கு இருக்கும் பழைய ஏற்பாட்டில், எஸ்எம்பி முதல் பதிப்பில், ஓர் ஓட்டை. அது வழியாக நெட்வொர்க்கில் இருக்கும் அடுத்த மெஷினுக்குத் தானாகவே தாவியது. ஆந்திரக் காவல்துறையின் கணினிகள்கூடச் சில மாட்டின. மைக்ரோசாஃப்ட் அப்போது விதிவிலக்காக எக்ஸ்பிக்கும் ஒரு திருத்தம் வெளியிட்டது. உங்கள் மகனுக்குத் தெரியாத ஒரு விஷயம் இதில் உண்டு. அந்தப் புழுவிடம் பெரும்பாலும் மாட்டியவை எக்ஸ்பி மெஷின்கள் இல்லை, விண்டோஸ் 7 மெஷின்கள். அவற்றுக்கு மார்ச் மாதமே திருத்தம் வந்திருந்தது, போட்டுக்கொள்ளாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். புதுசு வாங்கிவிட்டு அப்டேட்டை நிறுத்திவைக்கிற பழக்கம் நம்மூர்க் கடைகளில் பரவலாக இருக்கிறது. அப்படி வைத்திருப்பவருக்கும் உங்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

வங்கிகளும் ஏடிஎம் இயந்திரங்களில் வெகுகாலம் எக்ஸ்பியைத்தான் ஓட்டின. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பி, சப்போர்ட் முடிந்த சிஸ்டங்களைப் படிப்படியாக மாற்றி 2019 ஜூனுக்குள் முடிக்கச் சொன்னது. ஏடிஎம் என்பது நெட்வொர்க்கில் இருந்தே ஆகவேண்டிய பெட்டி. உங்கள் பேஜ்மேக்கர் மெஷினுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பத்திரிகை அடிக்க இணையம் எதற்கு?

உசிலம்பட்டிப் பக்கம் மண்டபங்களில் மொய் எழுதும் லேப்டாப்களைப் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தவற்றில் பலவும் விண்டோஸ் 7. பெயர், ஊர், தொகை அடித்தால் சீட்டு வரும். மண்டபத்துக் கரண்டும் ஒரு சின்ன பிரிண்டரும் தவிர அதற்கு வெளியுலகத் தொடர்பே கிடையாது. அந்த மாதிரி ஒரே வேலைக்கு நேர்ந்துவிட்ட மெஷின் பழசாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதே லேப்டாப்பில் மறுநாள் மெயில் பார்ப்பேன், பேங்க் வேலை பார்ப்பேன் என்றால்தான் ஆட்சேபம்.

அதனால் நெட்வொர்க் வயரைக் கழற்றுங்கள். கழற்றினால் மட்டும் போதாது, டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டையே டிஸேபிள் பண்ணச் சொல்லுங்கள். இல்லையென்றால் அவசரத்துக்கு யாராவது வயரை மறுபடி செருகிவிடுவார்கள். இணையத்தில் எக்ஸ்பியால் இனி பெரிதாக ஒன்றும் முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குரோம் 2016-லேயே, 49-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2018-ல் விட்டது. கூடவே வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-க்கு இன்றைய தளங்கள் கேட்கும் பாதுகாப்பு முறையான டிஎல்எஸ் 1.2 தெரியாது. ஜிஎஸ்டி, பேங்க் வேலையெல்லாம் புது மெஷினுக்குப் போகட்டும்.

அடுத்த வாசல் பென்டிரைவ். காதணி விழா நோட்டீஸுக்குப் பிள்ளை போட்டோ, தாய்மாமன் போட்டோ என்று பார்ட்டி கொண்டுவருகிற பென்டிரைவ் அதற்கு முன்னால் எத்தனை பிரவுசிங் சென்டர், ஸ்டுடியோ பார்த்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஃபோல்டர் மாதிரியே படம் போட்டு, பெயரும் ஃபோல்டர் பெயராகவே இருக்கும். திறந்தால் உள்ளே போட்டோ இருக்காது, ஏனென்றால் அது ஃபோல்டரே இல்லை, டாட் இஎக்ஸ்இ என்று முடியும் புரோகிராம். எக்ஸ்பியில் அந்த வால் தெரியாதபடி மறைத்துவைத்திருப்பார்கள். சர்வீஸ்காரரிடம் இரண்டு காரியம் சொல்லுங்கள்: எல்லா டிரைவுக்கும் ஆட்டோரன்னை (செருகியதும் புரோகிராம் தானாக ஓடுவதை) அணைக்க வேண்டும், ஃபைல் பெயரின் வால் எப்போதும் தெரிய வேண்டும்.

அதற்கும் மேலே, பார்ட்டியின் பென்டிரைவ் எக்ஸ்பி மெஷினைத் தொடவே கூடாது. நடுவில் ஒரு மெஷின் வையுங்கள். 2011-லிருந்து மாணவர்களுக்கு அரசு கொடுத்த லேப்டாப் உங்கள் வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ பரணில் கிடக்கும். ஆரம்பத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தன. அதைத் துடைத்துவிட்டு லுபுன்டு மாதிரி எடை குறைந்த லினக்ஸ் போடுங்கள், முடிந்தால் இன்னொரு 2 ஜிபி ரேம் சேருங்கள். விண்டோஸுக்கு எழுதிய வைரஸ் அதில் ஓடாது. பார்ட்டியின் பென்டிரைவ், வாட்ஸ்அப்பில் வரும் படம் எல்லாம் அங்கே இறங்கட்டும். ஐபோன் எடுக்கும் ஹெச்இஐசி படங்களையும், வெப்பி படங்களையும் எக்ஸ்பி தானாகத் திறக்காது. அவற்றை அங்கேயே ஜேபெக்காக மாற்றி, கடைக்கென்று வைத்திருக்கும் ஒரே ஒரு பென்டிரைவில், சிவப்பு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு, எக்ஸ்பிக்குக் கொண்டுபோங்கள். அந்தப் பென்டிரைவ் ஃபேட்32-ல் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும். இப்போது வரும் 64 ஜிபி, 128 ஜிபி டிரைவ்கள் எக்ஸ்ஃபேட்டில் வருகின்றன. தனியாக ஓர் அப்டேட் போடாத எக்ஸ்பி அவற்றைப் படிக்காமல் 'ஃபார்மட் பண்ணட்டுமா' என்று கேட்கும். அவசரத்தில் யாராவது ஆமாம் என்று அழுத்திவிட்டால் கதை முடிந்தது.

'எதற்கண்ணே பென்டிரைவ், புது மெஷினையும் எக்ஸ்பியையும் நெட்வொர்க்கில் கோத்துவிட்டால் ஃபோல்டரிலிருந்து ஃபோல்டருக்குப் போட்டுக்கலாமே' என்று ஒருவர் வருவார். விண்டோஸ் 10-லேயே, 2017 கடைசியில் வந்த பதிப்பிலிருந்து, எஸ்எம்பி முதல் பதிப்பைத் தானாகப் போடுவதில்லை. எக்ஸ்பிக்கோ அது ஒன்றுதான் தெரியும். அதனால் உங்கள் ஆள் புது மெஷினில் அதை வேண்டுமென்றே ஆன் பண்ணுவார். வானாக்ரை நுழைந்த அதே கதவை, புது மெஷினிலும் சேர்த்துத் திறந்துவைக்கிற வேலை அது. வேண்டாம்.

இனி சர்வீஸ்காரரின் பயம். இரும்பு விஷயம்.

திருமங்கலத்தில் ஓர் அச்சகத்தில் ஒரு காலை நேரம். ஸ்விட்ச் போட்டதும் நீலத்திரை, கீழே நீளமான ஓர் எண், கடைசியில் 7பி. 'ஓஎஸ் போச்சு, ஃபார்மட் அடிக்கணும்' என்று ஒருவர் சொல்லிவிட்டார். நல்லவேளை, முதலாளி மதியம்வரை பொறுக்கச் சொன்னார். போய்ப் பார்த்தால் பயாஸில் (ஸ்விட்ச் போட்டதும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் போர்டின் மென்பொருள்) தேதி பல வருடம் பின்னால் நின்றது. போர்டில் ஒட்டியிருக்கும் காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. பேட்டரி தீர்ந்தால் பயாஸ் தன் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். அந்தப் போர்டில் ஆரம்ப நிலை என்பது ஹார்டு டிஸ்க்கை ஏஹெச்சிஐ முறையில் பேசவைப்பது. எக்ஸ்பிக்குப் பிறவியிலேயே அதற்கு டிரைவர் கிடையாது, அதனால் டிஸ்க் கண்ணில் படாமல் நீலத்திரையைக் காட்டுகிறது. புது பேட்டரி போட்டு, பயாஸில் சாட்டா மோடை ஐடிஇ என்று மாற்றினதும் பழையபடி ஓட ஆரம்பித்தது. ஃபார்மட் அடித்திருந்தால் எத்தனை வருஷத்து வேலை! உங்கள் மெஷினில் இப்போதே பயாஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியையும் மாற்றிவிடுங்கள், டீச் செலவுதான்.

மூடியைத் திறந்திருக்கும்போதே போர்டில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் குட்டிக் கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். தலை தட்டையாக இருந்தால் நல்லது. உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ நாள் எண்ணப்படுகிறது. 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் இந்தக் கோளாறு உலகம் முழுக்க இருந்தது. உங்களுடையது கொஞ்சம் பிந்தியது, தப்பியிருக்கலாம். மாசி வீதித் தூசியையும் மதுரை வெயிலையும் பார்த்த, மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள்.

டிஸ்க்தான் முக்கியம். 2008 டிஸ்க் இன்னும் சுற்றுகிறது என்றால் அது உங்கள் அதிர்ஷ்டம். அதை நம்பிக் கடை நடத்தாதீர்கள். குளோனெசில்லா என்று இலவச மென்பொருள் இருக்கிறது. பென்டிரைவிலிருந்தோ சிடியிலிருந்தோ பூட் பண்ணி, டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கும். விண்டோஸ், பேஜ்மேக்கர், எழுத்துரு, செட்டிங் எல்லாம் அப்படியே வரும். நகலெடுத்த டிஸ்க்கை மெஷினில் மாட்டி ஒருநாள் வேலை பார்த்துச் சரிபாருங்கள். ஓட்டிப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. பிறகு ஒன்றை மேசை டிராயரிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். உதிரிக்கு அதே மாடல் போர்டு வேண்டுமென்றால் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு நடை நடந்து பார்க்கலாம், ஆனால் அங்கே வாங்குவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

லாக் விஷயம் தனி. உங்கள் லாக் யுஎஸ்பியா, பின்னால் பிரிண்டர் போர்ட்டில் மாட்டும் பேரலல் லாக்கா என்று எழுதவில்லை. யுஎஸ்பி என்றால் பிழைத்தீர்கள். பேரலல் என்றால் அந்தப் போர்ட் இருக்கும் போர்டோடுதான் அதன் ஆயுள். கடையில் யுஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் விற்பார்கள். டிரேஸ் பேப்பர் எடுக்கும் பழைய ஏ3 லேசர் பிரிண்டருக்கு அது வேலை செய்யும். லாக்குக்கு வேலை செய்யாது. பிரிண்டருக்குத் தகவல் அனுப்பத்தான் அந்தக் கேபிளுக்குத் தெரியும், லாக் மென்பொருளோ போர்ட்டின் முகவரியை நேரடியாகத் தட்டிப் பார்க்கிறது. எழுத்துரு கம்பெனி இன்னும் இயங்குகிறதென்றால், பேரலல் லாக்கைக் கொடுத்து யுஎஸ்பியாக மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள்.

இப்போது அக்காவின் பயத்துக்கு வருகிறேன்.

உங்களைக் கட்டிப்போட்டிருப்பது எக்ஸ்பி என்று எல்லாரும் நினைக்கிறீர்கள். எக்ஸ்பிக்கு யூனிகோடு தமிழ், அதாவது இன்றைய கம்ப்யூட்டரும் செல்போனும் பொதுவாகப் படிக்கும் தமிழ், தெரியும். விண்டோஸ் 2000-லேயே லதா எழுத்துருவோடு தமிழ் வந்துவிட்டது. எக்ஸ்பியில் ரீஜனல் ஆப்ஷன்ஸில் ஒரு டிக் போட்டால் போதும். யூனிகோடு தெரியாதது பேஜ்மேக்கருக்கு. 7-ஆம் பதிப்பு வந்தது 2001-ல், 2004-ல் அடோபி அதை மேம்படுத்துவதையே நிறுத்திவிட்டது. வாட்ஸ்அப்பில் பார்ட்டி அனுப்பும் தமிழை அதில் ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள் நிற்பது அதனால்தான்.

அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்கள் கம்ப்யூட்டரை ஏமாற்றித்தான் வேலை செய்தன. ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தார்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்துவிட்டு எழுத்துருவை எடுத்துப் பாருங்கள்: ஆங்கில எம், கே, ஒரு செமிகோலன், மறுபடி கே, ஹெச் என்று நிற்கும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை. எழுத்துரு இருக்கும்வரை அது அம்மா. எழுத்துரு போனால் வெறும் குப்பை. இதிலும் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வரிசை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று இரண்டு பொது வரிசைகளை அரசு கொண்டுவந்தது. தமிழ்99 விசைப்பலகையும் அப்போது வந்ததுதான். பிறகு 2010-ல் யூனிகோடையும் டேஸ்16 என்ற இன்னொரு வரிசையையும் அரசு ஏற்றது. இதற்கு நடுவில் அடித்த எல்லா வேலையும் உங்கள் டி டிரைவில் ஏதோ ஒரு வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

அதனால் ஒரு வேலையைக் காப்பாற்ற இரண்டு விதமாக எடுக்க வேண்டும். ஒன்று, பிடிஎஃப். எழுத்துருவை உள்ளே புதைத்துப் பிடிஎஃப் ஆக்கிவிட்டால் தோற்றம் அப்படியே நிற்கும், எந்த மெஷினிலும் பிரிண்ட் வரும், மல்டிகலர் வேலையென்றால் சிவகாசிக்கும் அதையே அனுப்பலாம். ஆனால் அதிலிருந்து ஒரு வரியைக் காப்பி எடுத்தால் மறுபடி எம், கே, செமிகோலன்தான் வரும். ஒரு பெயரைத் தேடினாலும் கிடைக்காது. எனவே இரண்டாவதாக, எழுத்தையும் எடுக்க வேண்டும். பேஜ்மேக்கரில் ஒவ்வொரு ஸ்டோரியாக டெக்ஸ்ட் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து, என்ஹெச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒரு மாற்றியில் கொடுத்தால் யூனிகோடாக வரும். எந்த வரிசையிலிருந்து மாற்றுகிறோம் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். அது அக்காவுக்குத்தான் தெரியும்.

மாற்றியபின் கண்ணால் படித்தே ஆகவேண்டும். பழைய எழுத்துருவில் 'கொ' அடிக்கும்போது கொம்பு முதலில், க அடுத்து, கால் கடைசியில், கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருக்கும். யூனிகோடில் க முன்னால் வந்து உயிர்க்குறி பின்னால் வரும். மாற்றி இதையெல்லாம் திருப்பி அடுக்குகிறது. பெரும்பாலும் சரியாகவே அடுக்கும். சறுக்குவது வேறு இடங்களில். ஔகாரக் குறியின் பின்பாதியை ள என்ற எழுத்தாகவே விட்டுவிடும். பாமினியில் அடித்த பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தில் போட்ட பி.இ., எம்.பி.ஏ. எல்லாம் தமிழென்று நினைத்து ஏதோ எழுத்தாகிவிடும், ஏனென்றால் வெறும் டெக்ஸ்டில் எது ஆங்கிலம் எது பாமினி என்று பிரிக்க வழியே இல்லை. டாப் வரிசையில் ஆங்கிலத்துக்குத் தனி இடம் உண்டு, அதனால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

எதிர்ப்பக்கமும், அதாவது யூனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போதும், ஒன்று உண்டு, அக்கா தினமும் பார்க்கிறாராக இருக்கும். செல்போனில் வரும் 'ஸ்ரீ' சில நேரம் மாற்றியில் காணாமல் போகும். யூனிகோடில் அந்த எழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005-ல் சேர்த்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஶகரம் தெரியாத பழைய மாற்றி அந்த இடத்தில் தடுமாறும். 'ஸ்ரீ மீனாட்சி சுந்தரேஸ்வரர் துணை' என்று தொடங்காத பத்திரிகை நம்மூரில் எத்தனை? அந்த முதல் வரியைக் கையால் அடிப்பதே சிக்கனம்.

இதை டி டிரைவ் முழுக்கச் செய்யச் சொல்லவில்லை. 2011-ல் நடந்த கல்யாணத்தின் பத்திரிகை இனி யாருக்கு வேண்டும்? நல்ல டிசைன்களை மட்டும் பிடிஎஃப் ஆக்கி மாதிரிக்கு வையுங்கள். திரும்பத் திரும்ப வரும் வேலைகள்தான் உங்கள் சொத்து: பில் புக், பள்ளிக்கூடப் படிவம், கோயில் ரசீது, வருஷா வருஷம் தேதி மட்டும் மாறும் திருவிழா நோட்டீஸ், பத்திரிகை வாசகங்களின் வார்ப்பு. அவற்றை முதலில் எடுங்கள். மற்றவை அந்தந்தப் பார்ட்டி திரும்ப வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பேஜ்மேக்கர் ஃபைலையே நேராகத் திறக்க முடியாதா என்றால், அடோபியின் இன்னொரு பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனில் சிஎஸ்6 பதிப்பு வரைக்கும் முடியும், அதற்குப் பிறகு வந்தவற்றில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். இலவசமான லிப்ரே ஆபிஸ் டிரா, பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்து காட்டும். அமைப்பு கொஞ்சம் கலைந்து வரும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு உதவும். எதுவானாலும் பழைய எழுத்துரு அந்த மெஷினில் இருக்க வேண்டும்.

எக்ஸ்பியையே ஒரு மென்பொருளாகப் புது மெஷினுக்குள் ஓட்டுவது இன்னொரு வழி. விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் எக்ஸ்பி, அதற்குள் பேஜ்மேக்கர். நெட்வொர்க்கை அந்த உள்மெஷினுக்கு அணைத்துவிட வேண்டும். யுஎஸ்பி லாக்கைப் பெரும்பாலும் உள்ளே கடத்தலாம், பேரலல் லாக்கை நம்பி இறங்காதீர்கள். பழைய டிஸ்க்கின் நகலைக் கொண்டே இதைச் செய்தால் அங்கேயும் அதே 7பி நீலத்திரை வரலாம், டிஸ்க்கை ஐடிஇ கன்ட்ரோலரில் மாட்டினால் பெரும்பாலும் சரியாகும். கம்பெனி மெஷினோடு வந்த எக்ஸ்பி லைசென்ஸ் அந்த மெஷினுக்கு மட்டுமே உரியது என்பதையும் மறக்கவேண்டாம். லாக் யுஎஸ்பியாக இருந்தால் நான் இந்த வழியைத்தான் சிபாரிசு செய்வேன், இரும்புக் கவலை அதோடு விடும்.

புது வேலைகளைப் புது மெஷினில் யூனிகோடிலேயே தொடங்குங்கள். இன்டிசைன் வாடகை கட்டுப்படியானால் அது. பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் பிய்ந்து நிற்கும், அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் 'இன்டிசைன்ல தமிழ் வராது' என்கிறார்கள். காசு கூடாதென்றால் ஸ்கிரைபஸ் 1.6 இலவசம், தமிழைச் சரியாகக் கோக்கிறது. அக்காவின் விரலை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். இத்தனை வருடம் டைப்ரைட்டர் முறையில் அடித்தவரை ஆங்கிலத்தில் 'அம்மா' அடித்துத் தமிழாக்கு என்றால் வேலையை விட்டுப் போய்விடுவார். தமிழ் அடிக்க உதவும் இ-கலப்பையிலும் என்ஹெச்எம் ரைட்டரிலும் டைப்ரைட்டர் விசைப்பலகை இருக்கிறது. அதே விரலில் யூனிகோடு வரும்.

நேரம் பார்த்துச் செய்யுங்கள். ஆவணி, தை, வைகாசி முகூர்த்தங்களில் மெஷினைத் தொடவே கூடாது. ஆடியில் அம்மன் கோயில் நோட்டீஸ் வரும், கல்யாணப் பத்திரிகை வராது. மாற்றத்தை அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று: விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டர் முழுவதையும் சிவப்பு டேப் பென்டிரைவில் காப்பி எடுங்கள். பேஜ்மேக்கர், எழுத்துரு, லாக் டிரைவர் இவற்றின் சிடிக்கள் இன்னும் படிக்கிறதா என்று பார்த்து அவற்றையும் டிஸ்க்கில் நகலெடுங்கள். அந்தக் காலத்தில் கடையில் ரைட் பண்ணித் தந்த சிடிக்கள் இந்நேரம் உரிய ஆரம்பித்திருக்கும். சீரியல் நம்பர்களைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

மகனிடம் புது மெஷின் வாங்கும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். செகண்ட்ஹேண்ட் வாங்குவதென்றால் இன்டெல்லில் எட்டாவது ஜென்னுக்கு (தலைமுறைக்கு) கீழே வாங்கவேண்டாம், விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம் 2.0 இருக்கிறதா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நாலாவது ஜென் மெஷினைக் காட்டி 'விண்டோஸ் 11 போட்டுத் தர்றேண்ணே, ஓடும்' என்பார்கள். ஓடத்தான் செய்யும், சோதனையைத் தாண்டிப் போட வழிகள் உண்டு. ஆனால் அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. புதுசுக்குக் காசு கொடுப்பதே அப்டேட்டுக்காகத்தான்.